19 வருஷம் தட்டு, இப்போ டிஜிட்டல் டெக். காது ஒத்துக்கிச்சு, கை ஒத்துக்க மாட்டேங்குது

#1 பழைய_ஊசி

எல்லாருக்கும் வணக்கம். 19 வருஷமா டிஜேயா வினைல் ரெக்கார்டு மட்டும்தான் வாசிச்சிட்டு இருக்கேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் ரெண்டு, நடுவுல ரெண்டு சேனல் மிக்சர், 80 தட்டு அடங்குற ஒரு பெட்டி. வேற எதுவும் தேவைப்பட்டதில்ல.

இப்போ மாறுறேன். கொள்கை, கிள்கை ஒண்ணும் கிடையாது, முதுகுதான் காரணம். 80 தட்டு உறையோட சேர்த்தா சுமாரா 18 கிலோ. அதைத் தூக்கிட்டுப் போனா அங்க இருக்கிற டர்ன்டேபிள் தூசி மூடிக் கிடக்கும். ஒண்ணுல ஊசியைத் தாங்குற டோன்ஆர்ம் லொடலொடன்னு ஆடும், இன்னொண்ணுல இடது பக்கம் சத்தமே வராது. கடைசியா போன இடத்துல எர்த் வயர் அறுந்து போய், ராத்திரி முழுக்க பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். மூணு மணி நேரம் அதோடயே ஓட்டினேன்.

நண்பர்கிட்ட ரெண்டு சிடிஜே-2000 நெக்ஸஸ்2 (பென் டிரைவுல இருந்து பாட்டு ஓட்டுற டிஜிட்டல் டெக்) இரவல் வாங்கி பத்து நாளாச்சு. சத்தத்துல குறையே சொல்ல மாட்டேன். கைதான் பிரச்சினை. முதல் நாள், உள்ளே வர்ற பாட்டு ஒரு மயிரிழை முந்துது. பழக்க தோஷத்துல டெக் மேல இருக்கிற வட்டமான ஜாக் வீல் மேல விரலை லேசா வெச்சேன். பாட்டு அப்படியே நின்னுடுச்சு! தட்டுல அதே தொடுதலுக்கு ஒரு நூல் அளவு பின்னுக்கு வரும், அவ்வளவுதான்.

ரெண்டாவது, ரெண்டு பாட்டும் சேர்ந்த பிறகு கைக்கு வேலையே இல்ல. தட்டுல ஒரு நிமிஷம் விட்டா விலகும், அதனால எப்பவும் ஒரு கை அங்கயே இருக்கும். இங்க சும்மா நிக்கிறேன், யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

மூணாவதுதான் ரொம்பப் படுத்துது. பென் டிரைவுல 3,000 பாட்டு போட்டிருக்கேன். அடுத்து என்ன போடணும்னு திரையைப் பார்த்தா மண்டை காலி. பெட்டியில இருந்தா கை தானா போய் எடுக்கும்.

இப்படி மாறினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எத்தனை நாள்ல கை பழகும்?

#2 கிராஸ்ஃபேடர்

சிங்க் பட்டனை அழுத்துங்கண்ணே, ரெண்டு பாட்டையும் அதுவே சேர்த்துடும். அடுத்த கேள்வி?

#3 வயர்க்காரி

மேல உள்ளவரைக் கண்டுக்காதீங்க, அவர் எல்லா இழையிலயும் இதையேதான் எழுதுவார்.

முதல் பிரச்சினைக்கு ரெண்டே நிமிஷத்துல தீர்வு. ஜாக் வீலுக்கு ரெண்டு முறை உண்டு. வினைல் முறையில மேல்பரப்பைத் தொட்டா, தட்டைக் கையால பிடிச்ச மாதிரி நிக்கும். நீங்க செய்ய நினைச்சது தள்ளுறதும் இழுக்கிறதும்தான், அதுக்கு வெளி விளிம்புதான் இடம். விளிம்பை மட்டும் தொடப் பழகுங்க. இல்ல, வினைல் முறையை அணைச்சிடுங்க. அப்போ மேல தொட்டாலும் நிக்காது, வேகம் மட்டும் கொஞ்சம் கூடும், குறையும். ஸ்கிராட்ச் (தட்டை முன்னும் பின்னும் தேய்ச்சு சத்தம் எழுப்புறது) பண்ணாத ஆளுக்கு அது போதும்.

அடுத்தது பிட்ச் ஃபேடர், அதாவது வேகத்தைக் கூட்டக் குறைக்க நகர்த்துற பட்டை. 1200-ல வீச்சு கூட்டியும் குறைச்சும் 8 சதவீதம். சிடிஜேல 6, 10, 16, வைட்னு நாலு அளவு. அது எதுல இருக்குன்னு பார்த்தீங்களா? 16-ல இருந்தா உங்க கை 8-க்குப் பழகின அசைவு ரெண்டு மடங்கு தாவும். 6-ல வையுங்க. அதுல ஒரு படி 0.02 சதவீதம், 10, 16 ரெண்டுலயும் 0.05.

நெக்ஸஸ்2-ல ஜாக் வீலோட இறுக்கத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு இருக்கு. பாட்டு நிக்கிற வேகத்துக்கும் கிளம்புற வேகத்துக்கும் தனித்தனி திருகு. அதைத் திருப்பினா, மோட்டாரை அணைச்சா தட்டு இழுத்துக்கிட்டே நிக்குமே, அது கிடைக்கும்.

அந்த 'ம்ம்ம்' பத்தி ஒண்ணு. ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது சில மில்லிவோல்ட் மட்டும்தான். தட்டு வெட்டும்போது பாஸைக் (கீழ்ச்சத்தத்தை) குறைச்சு வெட்டுவாங்க, இல்லன்னா பள்ளம் அகலமாகி பக்கத்துப் பள்ளத்துல மோதிடும். திரும்ப வாசிக்கும்போது மிக்சர் அந்த பாஸைத் தூக்கிவிடும். 20 ஹெர்ட்ஸ்ல அந்தத் தூக்கல் கிட்டத்தட்ட 20 டெசிபல். பாட்டோட பாஸ் மட்டுமா ஏறும்? மின் இரைச்சலும் ஸ்பீக்கர்ல இருந்து மேசை வழியா வர்ற அதிர்வும் சேர்ந்துதான் ஏறும். டிஜிட்டலுக்கு மாறினதும் இந்த மொத்தத் தலைவலியும் போயிடும். அதுக்காகவே நான் டெக் பக்கம்.

#4 பழைய_ஊசி

16-லதான் இருந்தது!! நண்பர் அப்படி வெச்சிருக்கார். 6-க்கு மாத்தினேன், பத்து நாள் பட்ட அவஸ்தைல பாதி போச்சு. ரொம்ப நன்றிங்க.

ஆனா இன்னொண்ணு. சில பாட்டு நான் எப்பவுமே +4-ல வாசிச்சுத்தான் பழக்கம். இங்க அதே +4 வெச்சா ஏதோ பொய்யா கேட்குது. அதே பாட்டுதான், ஆனா குரல் சோர்ந்து போன மாதிரி.

#5 வயர்க்காரி

மாஸ்டர் டெம்போ பட்டன் எரியுது, அணைச்சுப் பாருங்க. அது வேகத்தை மாத்தினாலும் சுருதியை மாறாம பிடிச்சு வைக்கும். தட்டுல வேகம் ஏறினா சுருதியும் ஏறும். 6 சதவீதத்துக்கு ஏறக்குறைய ஒரு அரைச்சுரம். +4-ல அரைச்சுரத்துல மூணுல ரெண்டு பங்கு ஏறியிருக்கும். உங்க காதுக்கு அந்தப் பாட்டோட ஒரிஜினல் சுருதியே அதுதான். தவிர சுருதியைப் பிடிச்சு வைக்கிற கணக்குல கிக் டிரம் அடி கொஞ்சம் மழுங்கும்.

#6 கறுப்புத்தட்டு

பழைய_ஊசி, மன்னிக்கணும், நான் உங்களை உற்சாகப்படுத்தப் போவதில்லை. 19 வருடம் கட்டியதை ஒரு முதுகுவலிக்காக விடுவதா? பெட்டியைச் சிறிதாக்குங்கள். நாற்பது தட்டோடு ஓர் இரவை ஓட்ட முடியாதவர் மூவாயிரத்தோடும் ஓட்ட முடியாது.

அந்தத் திரை இருக்கிறதே, அதுதான் விஷம். அலைவடிவம் ஓடுகிறது, எங்கே பாஸ் விழும், எங்கே தாளம் அடங்கிப் பிரேக்டவுன் வரும் எல்லாம் முன்கூட்டியே வண்ணம் வண்ணமாகத் தெரிகிறது. மேடையில் நிற்பவர் கூட்டத்தைப் பார்க்காமல் மின்னஞ்சல் படிப்பவர்போல் குனிந்து நிற்கிறார். கேட்டு வாசிப்பது வேறு, பார்த்து வாசிப்பது வேறு.

#7 பள்ளம்_படிப்பவன்

கறுப்புத்தட்டு, உங்களுக்கு ஒரு கேள்வி: தட்டுல ஊசியை எங்க இறக்குறதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

விளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பள்ளத்தைப் பார்த்துத்தானே? தாளம் நிறைஞ்ச இடம் சாம்பலா மின்னும், பிரேக்டவுன் வழவழன்னு கறுப்பா ஒரு பட்டையா தெரியும். அதைப் பார்த்துத்தான் இன்னும் எவ்வளவு தூரம் இருக்குன்னு நாம எல்லாருமே கணக்குப் போட்டோம். அது அலைவடிவம் இல்லாம வேற என்ன? நம்ம அலைவடிவம் வட்டமா இருந்துச்சு, அவங்களது நேரா ஓடுது.

உறை மேல பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்டுன்னு) எழுதி ஒட்டினது யாரு? லேபிள்ல 12 மணி முள் இடத்துல ஸ்டிக்கர் ஒட்டினது யாரு? 1970-கள்ல ஹிப்-ஹாப் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் பிரேக் (டிரம் தனியா ஒலிக்கிற பகுதி) ஆரம்பிக்கிற இடத்தைத் தட்டு மேலேயே கிரேயானால கோடு போட்டு, எத்தனை சுத்துப் பின்னால வரணும்னு கணக்கு வெச்சுத் திருப்பினார். பட்டனை அழுத்தினா பாட்டு குறிச்ச இடத்துக்குத் தாவுமே, அந்த ஹாட் க்யூவுக்குத் தாத்தா அந்தக் கோடு. கண்ணை மூடிக்கிட்டு வாசிச்ச தலைமுறைன்னு ஒண்ணு இருந்ததே இல்லங்க.

#8 கறுப்புத்தட்டு

சரி, பள்ளத்தைப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பட்டை அளவுக்குத்தான் தெரியும். எட்டாவது பாரின் மூன்றாவது பீட் எங்கே என்று பள்ளம் காட்டாது. அந்த இடைவெளியைக் காதுதான் நிரப்பியது.

பழைய_ஊசி சொன்ன இரண்டாவது விஷயத்தை யாரும் தொடவில்லையே. கைக்கு வேலை இல்லை என்றார். இரண்டு தட்டும் ஒருபோதும் முழுதாகச் சேர்ந்து நிற்பதில்லை. சூடு, தேய்மானம், நடுத்துளை ஒரு நூல் விலகியிருப்பது என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். விலகும், பிடிப்போம், மறுபடி விலகும். கிக் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொண்டே போகிற அந்த இரண்டு நிமிடம் கூட்டத்துக்கும் கேட்கிறது. பெயர் தெரியாமல் கேட்கிறார்கள்.

#9 கிராஸ்ஃபேடர்

கூட்டத்துக்கு அது கேட்கவே கேட்காது. 'ஏன் பாஸ் ஒரு மாதிரி இருக்கு'ன்னுதான் கேட்பாங்க.

#10 புதுத்தாளம்

நான் எதிர்த்திசையில போயிட்டு இருக்கேன் அண்ணன்களே. கத்துக்கிட்டதே டிஜிட்டல்ல, நாலு வருஷம். போன வருஷம் ஒரு பழைய ஜோடி டர்ன்டேபிள் கிடைச்சது. முதல் வாரம் அழுகையே வந்துடுச்சு. ரெண்டாவது பாட்டு வேகமா போகுதா, மெதுவா போகுதான்னு எனக்குச் சொல்லவே தெரியல. விலகுதுன்னு தெரியுது, எந்தப் பக்கம்னு தெரியல. நாலு வருஷமா அந்தக் கேள்விக்குத் திரைதான் பதில் சொல்லிட்டு இருந்திருக்கு.

ரெண்டு மாசம் ஆச்சு அது பிடிபட. ஆனா அதுக்குப் பிறகு சிடிஜேக்குத் திரும்பினப்போ சிங்க் தப்புப் பண்றது முதல் முறையா காதுல விழுந்துச்சு. பீட் கிரிட் (பீட் எங்கெங்க விழுதுன்னு மென்பொருள் போடுற கட்டம்) ஒரு பீட் தள்ளி உட்கார்ந்திருக்கும், திரையில கோடெல்லாம் அழகா ஒண்ணுக்கு நேரா ஒண்ணு நிக்கும், கேட்டா கிக் மேல ஸ்நேர் அடிக்கும். முன்னாடி அப்படியே ஓட்டியிருக்கேன் போல. நினைச்சாலே கூசுது.

பழைய_ஊசி அண்ணே, உங்களுக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கு. கை பழகுறது சின்ன விஷயம்.

#11 கீறல்

ஸ்கிராட்ச் ஆளா ஒரு வார்த்தை. தட்டு 12 இன்ச், அதாவது 305 மில்லிமீட்டர். சிடிஜே-3000-ல கூட ஜாக் வீல் 206 மில்லிமீட்டர்தான். அதோட அது சுத்தாது, நாமதான் சுத்தணும். தட்டுல கையை எடுத்தா ஸ்லிப்மேட்டுக்கு (தட்டுக்குக் கீழ வழுக்கிக் கொடுக்கிற துணி) அடியில சுத்திக்கிட்டே இருக்கிற பிளாட்டர் உடனே இழுத்துட்டுப் போகும். அந்த இழுப்புதான் எனக்கு எல்லாம். அதனால டிஜிட்டல் வேணும்னா நான் மோட்டார் உள்ள டெக்தான் பார்ப்பேன். 2018-ல வந்த ரேன் ட்வெல்வ் மாதிரி 12 இன்ச் சுத்துற வகை.

பழைய_ஊசி, உங்களுக்கு டைம்கோடு தட்டு யாரும் சொல்லலையா? தட்டு, ஊசி, கை எல்லாம் அப்படியே இருக்கும், பாட்டு மட்டும் லேப்டாப்ல.

#12 பழைய_ஊசி

யோசிச்சேன். அது எப்படி வேலை செய்யுதுன்னே சரியா புரியல, அதான் தயக்கம்.

#13 வயர்க்காரி

தட்டுல பாட்டுக்குப் பதிலா ஒரு சீரான ஒலி வெட்டியிருப்பாங்க. செராட்டோங்கிற டிஜே மென்பொருளோட தட்டுல அது 1 கிலோஹெர்ட்ஸ். ஒலி வேகமா வந்தா தட்டு வேகமா போகுதுன்னு அர்த்தம். இடது வலது ரெண்டுக்கும் நடுவுல எது முந்துதுன்னு பார்த்தா முன்னால சுத்துதா, பின்னால சுத்துதான்னு தெரியும். தட்டுல எந்த இடம்ங்கிற தகவலும் அதுக்குள்ளேயே இருக்கும். மென்பொருள் அதைப் படிச்சு பாட்டை அதே மாதிரி ஓட்டும். அருமையான ஏற்பாடு.

ஆனா இவர் பிரச்சினையை மறுபடி படிங்க கீறல். வீட்டு டர்ன்டேபிள் நல்லாத்தான் இருக்கு, போற இடத்துலதான் கெட்டுக் கிடக்கு. டைம்கோடுக்கும் அதே ஆடுற டோன்ஆர்ம், அதே இடது பக்கம் செத்த வயர்தானே? பாட்டா இருந்தா ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கமாவது வரும். டைம்கோடுல ஒரு பக்கம் செத்தா திசையே தெரியாம தடுமாறும். ஊசியே இல்லாம தட்டு நடுவுல வைக்கிற சென்சார் வகைகள் இருக்கு, அதுக்கும் ஒழுங்கா சுத்துற டர்ன்டேபிள் வேணும்.

வீட்ல தட்டு, வெளியில டெக். இவருக்கு அதுதான்.

#14 பழைய_ஊசி

முடிவு பண்ணிட்டேன், டெக்தான். அடுத்த வேலை, என் தட்டுகளைக் கணினியில பதிஞ்சு ஏத்தணும். பாதிக்கு மேல டிஜிட்டல்ல கிடைக்கவே கிடைக்காது. செஞ்சவங்க வழி சொல்லுங்க.

#15 நிதானம்

நான் 400 தட்டு ஏற்றியவன். அவசரப்படாதீர்கள் என்பதுதான் முதல் அறிவுரை. பாட்டு ஓடுகிற நேரம் முழுவதும் ஆகும், குறுக்குவழி இல்லை. 80 தட்டு, பக்கத்துக்கு 7 நிமிடம் என்றால் 1,120 நிமிடம், ஏறக்குறைய 19 மணி நேரம். துடைப்பது, பெயரிடுவது எல்லாம் தனி.

தட்டை முதலில் கழுவுங்கள். தூசியின் 'டிக்' ஒலியை மென்பொருளால் பிறகு எடுக்கப் போனால் ஹை-ஹேட்டின் முனையும் சேர்ந்து போகும். பிட்ச் ஃபேடரை நடுவில் வைத்துப் பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள், பிறகு அதைத் தொடவே வேண்டாம். மிக்சரின் ரெக்கார்டு அவுட்டில் இருந்து எடுங்கள், ஈக்யூ (பாஸ் முதல் உச்சச் சத்தம் வரை கூட்டிக் குறைக்கும் திருகுகள்) எல்லாம் நடுவில். 24 பிட்டில் பதியுங்கள். உச்சம் –6 டெசிபலைத் தாண்டாமல் விடுங்கள். 24 பிட்டில் அந்த இடைவெளியால் எந்த நட்டமும் இல்லை, முட்டி உடைந்த ஒலியை மட்டும் திரும்பப் பெற முடியாது.

கோப்பு வகையில் பலர் தவறு செய்கிறார்கள். ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) குறைந்த இடமே பிடிக்கும், ஆனால் பழைய சிடிஜே-2000 அதைப் படிக்காது, நெக்ஸஸ்2 படிக்கும். எந்த இடத்தில் எந்த டெக் இருக்கும் என்று தெரியாத உங்களுக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் பாதுகாப்பு. நிமிடத்துக்கு 10 மெகாபைட், மொத்தம் 12 ஜிகாபைட்கூட வராது. பென் டிரைவை ஃபேட்32 முறையில் வடிவமைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக பீட் கிரிட். டிரம் மெஷின் பாட்டுகளை மென்பொருள் சரியாகவே அளக்கும். மனிதர் வாசித்த டிரம் என்றால் முதல் பாருக்கும் ஐம்பதாவது பாருக்கும் வேகம் மாறும், கட்டம் கண்ட இடத்தில் நிற்கும். அவற்றுக்குக் கட்டத்தைத் திருத்த உட்காராதீர்கள், நேர விரயம். சிங்க் தொடாமல் காதால் வாசியுங்கள். அதுதான் உங்களுக்கு வருமே.

#16 கறுப்புத்தட்டு

நிதானம் சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். தட்டுகளை ஏற்றியபின் விற்றுவிடாதீர்கள். எஸ்எல்-1200-ஐயே 2010-ல் நிறுத்தினார்கள், 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். விற்றவர்கள் எல்லாம் மறுபடி தேடினார்கள்.

#17 பழைய_ஊசி (ஐந்து வாரம் கழித்து)

முதல் இரவு நேத்து முடிஞ்சது. கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

முதல் ஒரு மணி நேரம் பிரமாதம். விளிம்பை மட்டும் தொடுறேன், 6 சதவீதம், மாஸ்டர் டெம்போ அணைப்பு, சிங்க் பக்கமே போகல. கை சும்மா இருக்கேன்னு புலம்பினேனே, அந்தக் கை ஈக்யூவுக்குப் போயிடுச்சு. ரெண்டு பாட்டோட பாஸையும் மாத்தி மாத்திக் கொடுக்க இப்போ நேரம் இருக்கு. தட்டுல அதை அவசரத்துலதான் செய்வேன்.

அப்புறம் என் 19 வருஷம் வந்து காலை வாரிச்சு. இடது டெக்ல பாட்டு முடிஞ்சது. தட்டு முடிஞ்சா என்ன பண்ணுவோம்? எடுத்து உறையில போடுவோம். கை யோசிக்கவே இல்ல, இடது டெக்ல சொருகியிருந்த பென் டிரைவை உருவிடுச்சு. வலது டெக்கும் ரெண்டையும் இணைக்கிற லிங்க் வழியா அதே பென் டிரைவுலதான் ஓடிட்டு இருந்தது.

சத்தம் நிக்கல. வலது டெக் தானாவே நாலு பீட்டைப் பிடிச்சு அவசர லூப்ல போயிடுச்சு. அப்படி ஒரு வசதி இருக்கிறதே எனக்கு அப்போதான் தெரியும். நாலு பீட், நாலு பீட், நாலு பீட். வேர்த்துக் கொட்டுது. கையில பென் டிரைவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பத்து விநாடி அதையே பார்த்துட்டு நின்னேன், எந்த உறைக்குள்ள போடுறதுன்னு தெரியாத மாதிரி. அப்புறம் திரும்பச் சொருகி, இடது டெக்ல அடுத்த பாட்டை ஏத்தி, லூப் மேலயே கலந்து வெளியே வந்தேன். முன்வரிசையில ஒருத்தர் கையைத் தூக்கி ஆட்டினார். அவருக்கு அது வித்தையா தெரிஞ்சிருக்கு.

மூணாவது பிரச்சினை, அதாவது மண்டை காலி ஆகுறது. 3,000 பாட்டையும் தூக்கிட்டேன். 'பெட்டி'ன்னு ஒரே பட்டியல், என் 80 தட்டு மட்டும். அகரவரிசையும் இல்ல, பிபிஎம் வரிசையும் இல்ல. பெட்டியில முன்னாலிருந்து பின்னால எப்படி அடுக்கியிருக்கேனோ அதே வரிசை. அட்டைப் படத்துக்கு இணையத்துல இருந்து எதுவும் எடுக்கல. என் உறைகளையே ஒவ்வொண்ணா போட்டோ எடுத்துப் போட்டேன், கிழிஞ்ச மூலை, செல்லோடேப், மார்க்கர்ல எழுதின பிபிஎம் எல்லாத்தோடயும். பி பக்கப் பாட்டுக்கு உறையோட பின்பக்கம். அந்தச் சின்னத் திரையில எழுத்தைப் படிக்கவே வேண்டியதில்ல. நாலாவதா இருக்கிற பழுப்பு உறை, இடது மூலை மடங்கினது, அதுதான் அடுத்து. கை போயிடுது.

#18 பள்ளம்_படிப்பவன்

மடங்கின மூலையையும் சேர்த்து ஏத்தியிருக்கீங்களே! நான் ஒரே மாதிரி பளபளன்னு அட்டைப் படம் போட்டு வெச்சிருக்கேன், எதுவும் மனசுல நிக்கிறதில்ல. இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்.

#19 கறுப்புத்தட்டு

போட்டோ எடுக்க ஒவ்வொரு உறையையும் கையில் எடுத்தீர்கள் அல்லவா. அது போதும் எனக்கு. அந்த 'ம்ம்ம்' டர்ன்டேபிளுக்கு யாராவது எர்த் வயர் மாட்டினார்களா?

#20 பழைய_ஊசி

இல்ல. அது மேல இப்போ துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க.

#21 வயர்க்காரி

எல்லாம் இருக்கட்டும். ரெண்டாவது பென் டிரைவ்ல அதே 'பெட்டி'யை நகல் எடுத்து வலது டெக்ல சொருகுறீங்களா, இல்லையா?

#22 பழைய_ஊசி

சொருகுறேன். ரெண்டு பென் டிரைவ் மேலயும் டேப் ஒட்டியிருக்கேன், 'உறையில போடாதே'ன்னு எழுதி.